அஞ்சாயிரம் ரூபாய்க்குள்ள டெலஸ்கோப் வாங்கி வானம் பாக்க ஆரம்பிக்கலாமா?

அந்த பட்ஜெட்டுக்கு டெலஸ்கோப் வேணாங்க. டப்பா மேல 675 மடங்குன்னு போட்டிருப்பான், ஆனா 60 மிமீ லென்ஸ்ல 120 மடங்கு தாண்டினாலே படம் மங்கிடும், ஸ்டாண்டு வேற தொட்டாலே ஆடும். அதுக்கு பதிலா 10×50 பைனாகுலர் (10 மடங்கு, 50 மிமீ லென்ஸ்) வாங்குங்க, மொட்டைமாடி கைப்பிடிச் சுவர்ல முழங்கைய ஊனிட்டு ஆடாம பாத்தா வியாழனோட நிலாக்கள் பொட்டுப் பொட்டா ஒரே கோட்டுல தெரியும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துல வெறுங்கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் தெரியுற எடத்துல நட்சத்திரமா கொட்டிக் கிடக்கும். சனியோட வளையம்தான் இதுல தெரியாது. நிலாவ பௌர்ணமி அன்னிக்கு பாக்காதீங்க, கண்ணு கூசும், எல்லாம் தட்டையா இருக்கும். வளர்பிறை அஷ்டமி வாக்குல பாருங்க, வெளிச்சமும் இருட்டும் சேர்ற ஓரத்துல நிழல் விழுந்து பள்ளமெல்லாம் எடுப்பா தெரியும். எது எங்க இருக்குன்னு பாக்க கம்ப்யூட்டர்ல ஸ்டெல்லேரியம்ங்கிற சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது. பகல்ல மட்டும் தப்பித்தவறிகூட சூரியன் பக்கம் திருப்பிடாதீங்க, கண்ணு போயிடும்.