65,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: நான் சேலம் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறேன். என் பாப்பா பி.காம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் புரோகிராமிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டரில் விசாரித்தோம். ஆறு மாத ‘ஃபுல் ஸ்டாக்’ கோர்ஸ் (ஒரு வெப்சைட்டை முழுசாகச் செய்யக் கற்றுத் தருவதாம்), 65,000 ரூபாய், வேலைக்கு நூறு சதவீதம் உத்தரவாதம் என்கிறார்கள். பணம் இல்லையென்றால் வட்டியில்லாத் தவணை போட்டுத் தருகிறார்களாம். சனிக்கிழமைக்குள் சேர்ந்தால் 10,000 தள்ளுபடி. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறார்கள். இதே படிப்பு ஐடிஐயில் இலவசம் என்கிறான் என் மச்சான். டிகிரி முடித்த பெண் ஐடிஐ போவதா என்று வீட்டில் சண்டை. என்ன செய்யலாம்?

பதில்: சனிக்கிழமை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் ஐயா. அந்தப் பத்தாயிரம் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த சனிக்கிழமை போனாலும் அதே தள்ளுபடி, அதே மேசையில், அதே சிரிப்போடு கிடைக்கும். பயிற்சி நிலையங்களில் பல வருடம் கணினிப் பாடம் எடுத்தவன் நான். ஒரு சென்டரில் கொஞ்ச நாள் சேர்க்கை மேசையிலும் உட்கார வைத்தார்கள். ‘கடைசி நாள்’ என்ற அட்டையை வாராவாரம் தேதி மாற்றி ஒட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த வட்டியில்லாத் தவணை. சென்டர் உங்களுக்குக் கடன் கொடுப்பதில்லை. நடுவில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருக்கிறது. நீங்கள் செல்போனில் ஓடிபி சொன்னதும் அந்தக் கம்பெனி முழுக் கட்டணத்தையும், தன் பங்கைக் கழித்துக்கொண்டு, சென்டருக்குக் கொடுத்துவிடும். அன்றோடு சென்டருக்கு வேண்டியது வந்தாகிவிட்டது. இனி உங்கள் பெண் வகுப்புக்கு வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. இரண்டாவது மாதம் வாத்தியார் வேலையை விட்டுப் போனாலும், சென்டரையே பூட்டிவிட்டாலும், தவணை மட்டும் மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து போகும். நிறுத்தினால் கடன் வரலாற்றில் கரும்புள்ளி விழும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது மேனேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார். வட்டி இல்லை என்கிறார்களே என்றால், அந்த வட்டியும் 65,000-க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கடன் கொடுப்பவர் எல்லாச் செலவையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் “அதெல்லாம் ஆன்லைன்ல இருக்கு சார்” என்பார்கள்.

அடுத்தது நூறு சதவீத உத்தரவாதம். வாயால் சொல்வதும் பேப்பரில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பேப்பரில் ‘வேலைவாய்ப்பு உதவி’ என்றுதான் இருக்கும். உதவி என்றால் நாலு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்புவது. சில இடங்களில் இதைவிட மோசம்: வேலையே செய்யாத பெண்ணுக்கு மூன்று வருட அனுபவம் என்று ரெஸ்யூமே தயாரித்துக் கொடுப்பார்கள். இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பி.எஃப் கணக்கைத் தட்டிப் பார்த்து, யார் எங்கே எத்தனை மாதம் வேலை செய்தார் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாட்டினால் வேலை போகும், பெயரும் கெடும். ரெஸ்யூமே எழுதிக் கொடுத்தவர் மட்டும் அடுத்த பேட்சுக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருப்பார். ‘ஒரு லட்சம் கட்டினால் பெரிய கம்பெனியில் பின்வாசல் வேலை’ என்று போனில் யாராவது பேசினால், பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் ஐஎஸ்ஓ சான்றிதழைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்தை ஒழுங்காக நடத்துகிறதா என்பதற்கானது. ஊறுகாய்க் கம்பெனியும் வாங்கலாம். பாடம் நன்றாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. சிறு தொழில்களுக்கான எம்எஸ்எம்இ பதிவைக் காட்டி ‘அரசு அங்கீகாரம்’ என்பதும் அதே கதைதான். உங்கள் பட்டறை முதலாளியும் நினைத்தால் அந்தப் பதிவை வாங்கிவிடலாம்.

ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை எந்த சென்டருக்கும் கொடுக்கத் தேவையில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும். “பத்திரமா வச்சிருக்கோம்” என்றால் பத்திரம் அவர்களுக்குத்தான். பாதியில் நின்றுவிடாமல் இருக்கப் பிடித்துவைக்கும் அடமானம் அது.

சரி, உங்கள் மச்சான் சொன்ன ஐடிஐக்கு வருவோம். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ‘கோபா’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட் என்பதன் சுருக்கம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், ஒரு வருடப் படிப்பு. கடைசியில் அகில இந்திய அளவில் தேர்வு, தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்பதால் டிகிரி முடித்தவரும் சேரலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சேலத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் அய்யந்திருமாளிகையில் இருக்கிறது. கோபாவில் இடம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். வாசலில் நின்று “நான் சீட் வாங்கித் தருகிறேன்” என்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். கோபாவில் வருடத்தின் பெரும்பகுதி விண்டோஸ், வேர்டு, எக்செல், இணையம் என்று அலுவலக வேலைக்கே போய்விடும். அப்புறம் வலைப்பக்கம் செய்ய கொஞ்சம் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், தகவலைச் சேர்த்து வைக்க டேட்டாபேஸ், கடைசியில் பைத்தான் அல்லது ஜாவா என்ற புரோகிராமிங் மொழி. பி.காம் படித்த பெண்ணுக்கு முதல் பாதி தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். புரோகிராமிங் என்று பார்த்தால் வாசல்படி வரை கொண்டுபோய் விடும், உள்ளே போவது அவள் பாடு. எங்கள் துறையின் சாபம் ஒன்று உண்டு, ரெக்கார்டு நோட்டு. புரோகிராமை மெஷினில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல், நோட்டில் அழகாக எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு முழு மதிப்பெண் வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். மை காயும் முன்னே ஆய்வுக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. பாடத்திட்டம் மாறினால் லேபும் வாத்தியாரும் அதற்கேற்ப மாற இன்னும் இரண்டு வருடம் பிடிக்கும். மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டு, நினைவூட்டல் போட்டு, எனக்குப் புளித்துப்போன விஷயம் இது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் பாப்பா டைப்ரைட்டிங் முடித்திருக்கிறாளா? டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தட்டச்சர் வேலைக்குப் போகும் எண்ணம் உண்டா? உண்டென்றால் அவளுக்கு வேண்டியது புரோகிராமிங் இல்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வுச் சான்றிதழ். சிஓஏ என்பார்கள். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு அரசு கேட்பது இதைத்தான். தனியார் சென்டர் கொடுக்கும் டிசிஏ, பிஜிடிசிஏ போன்ற கம்ப்யூட்டர் டிப்ளமோக்கள் இதற்கு ஈடாகாது. “எங்க டிசிஏவும் அதே வேல்யூதான்” என்று சொல்லியே 8,000, 10,000 வாங்கிவிடுகிறார்கள். பெயரில் ‘கம்ப்யூட்டர்’ இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கும் நம் பழக்கம் அவர்களுக்கு வசதி. இன்னொன்று: சிஓஏ கையில் இல்லை என்பதற்காகக் குரூப் 4 விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தேர்வாகி வேலையில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தந்த அறிவிப்பில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள். டைப்ரைட்டிங் முடித்தவள் இல்லை, அரசு வேலை நோக்கமும் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இப்போது படிப்பு. புரோகிராமிங் என்பது கொலுசுக்குப் பற்றவைப்பது மாதிரி கைவேலை. பக்கத்தில் நின்று எத்தனை மாதம் வேடிக்கை பார்த்தாலும் கை பழகாது. தினம் இரண்டு மணி நேரம் தானே தட்டி, தானே தப்புச் செய்து, தானே திருத்த வேண்டும். ஆறு மாதத்தில் நான்கு புரோகிராமிங் மொழி கற்றுத் தருகிறேன் என்பவர் ஒன்றையும் கற்றுத் தரப்போவதில்லை. ஒரே மொழியை எடுக்கச் சொல்லுங்கள். நான் பைத்தானைச் சொல்வேன். காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். செல்போனில் மட்டும் படிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று போதும். அந்த 65,000-இல் வெறும் லேப்டாப் மட்டும் வாங்கினாலும் நிறைய மிஞ்சும்.

புத்தகமும் வாங்க வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்திலேயே பைத்தான் இருக்கிறது, டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல்லும் இருக்கிறது, அதுவும் தமிழில், இணையத்தில் இலவசமாக. சென்டரில் நோட்ஸ் என்று ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ வீடியோக்களிலும் பல பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன.

என்ன செய்து பழகுவது? உங்கள் பட்டறைக் கணக்கையே கொடுங்கள். முதல் மாதம்: எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி இவற்றைக் கேட்டு ஒரு ஜோடிக் கொலுசுக்கு எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம். இரண்டாவது மாதம்: பத்துப் பேர், ஒரு வாரம், யாருக்கு எவ்வளவு கூலி. இங்கே லூப்பும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) லிஸ்ட்டும் (பட்டியல்) தானாக வந்துவிடும், வாத்தியார் திணிக்க வேண்டியதில்லை. எடை கேட்ட இடத்தில் யாராவது ‘நூறு’ என்று எழுத்தில் அடித்தால் புரோகிராம் விழுந்துவிடும். விழாமல் எப்படிக் கையாள்வது என்று அவளே தேடட்டும். அந்த ஒரு நாள் தேடலில் கற்பது ஒரு மாத வகுப்பில் வராது. மூன்றாவது மாதம், மெஷினை அணைத்தாலும் கணக்கு போகாமல் ஃபைலில் எழுதி வைப்பது. அதற்குப் பிறகு எஸ்க்யூஎல், போன தீபாவளிக்கு முந்தின மாதம் யார் எத்தனை கிராம் முடித்தார் என்று கேட்டால் சொல்வது. கடைசியாக, முதலாளி தன் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு வலைப்பக்கம். எட்டு, ஒன்பது மாதத்தில் இதுவரை வந்துவிட்டால் அவள் தொடக்க நிலையைத் தாண்டி நடுநிலைக்கு வந்துவிட்டாள் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். முதல் மூன்று மாதம் சாட்ஜிபிடியிடம் விடை கேட்கக் கூடாது, அவ்வளவுதான். பிழைச் செய்தி எதற்கு வருகிறது என்று விளக்கம் கேட்கலாம்.

இந்தக் கணக்கில் பி.காம் படிப்பு வீணாகவில்லை என்பதையும் கவனியுங்கள். பேரேடு, ஜிஎஸ்டி, டேலி தெரிந்து, கூடவே புரோகிராமும் எழுதத் தெரிந்த ஆளுக்கு ஆடிட்டர் அலுவலகத்திலும், ஜவுளி ஏற்றுமதிக்காரரிடமும், செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரியிடமும் வேலை இருக்கிறது. ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி பூங்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தனியாகப் படிக்க முடியாது, நாலு பேரோடு உட்கார்ந்தால்தான் வரும் என்றால் அதுவும் நியாயம்தான். அப்படியானால் மாதாமாதம் கட்டணம் வாங்கும் சின்ன சென்டராகப் பாருங்கள். சேர்வதற்கு முன் இரண்டு நாள் நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் உட்காரட்டும். டெமோ வகுப்பு வேண்டாம், அது சீவி முடித்துப் பூ வைத்த வகுப்பு. வாத்தியார் பிள்ளைகள் முன்னால் தானே தட்டச்சு செய்கிறாரா, பிழை வந்தால் சிரித்துக்கொண்டு திருத்துகிறாரா, இல்லை “சிஸ்டம் ப்ராப்ளம்” என்று அடுத்த ஸ்லைடுக்குத் தாவுகிறாரா என்று பார்த்தால் போதும். போன பேட்சில் படித்த இரண்டு பேரை, சென்டர் கொடுக்கும் நம்பரில் இல்லாமல், கீழே டீக்கடையில் பிடித்துக் கேளுங்கள். அந்த வாத்தியாரே போன பேட்சில் படித்தவராக இருப்பதும் உண்டு.

ஏற்கெனவே ஏதாவது முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள். திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஓடிபி சொல்லிக் கடனே போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அபராதம் இல்லாமல் கடனைத் திருப்பிக் கட்டி ரத்து செய்ய கொஞ்ச அவகாசம் அதில் போட்டிருக்கும். அது சென்டர்காரர் வாயிலிருந்து வராது. மார்க்‌ஷீட் அங்கே இருந்தால் நாளைக் காலை பட்டறைக்குப் போகும் முன் போய் வாங்கி வந்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால், பேங்கில் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள்.