தியாகி என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் குடிநீர், பட்டா, முதியோர் பென்ஷன் என்று நாற்பது வருடமாக மற்றவர்களுக்காக அலைந்த ஓர் அம்மாவுக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம். எம்.எல்.ஏ. வருகிறார். வரவேற்புரை என்னுடையது. 'தன்னலமற்ற தியாகி' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவரைக் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோடு ஒப்பிட்டுப் பேசலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக ஒப்பிடுங்கள். ஆனால் கிருஷ்ணம்மாளைப் பற்றி வழக்கமாக மேடையில் பேசுகிற மாதிரி வேண்டாம். கதர்ப் புடவை, எளிமை, 2020இல் பத்மபூஷண், கைதட்டல், அதோடு சரி. அவர் செய்த வேலை என்னவென்று கேட்டால் பேசியவருக்கே தெரியாது.

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பின்னணி மிராசுதார்களோடு கூலித் தகராறு. அதற்குப் பிறகுதான் அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையில் வேலை செய்ய வந்தார்கள். உழுகிறவர் கையில் நிலம் வராமல் எதுவும் மாறாது என்பது அவர்கள் முடிவு. 1981இல் உழுகிறவருக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கிய பிறகு நடந்ததில் பெரும்பகுதி கணக்கு வழக்கு வேலை. மிராசுதாரிடம் விலை பேச வேண்டும், வங்கிக் கடனுக்கு அலைய வேண்டும், குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரிக்க வேண்டும், பெண்கள் பெயரில் பத்திரம் பதிய வேண்டும். இப்படி ஏறத்தாழ 13,000 ஏக்கர் கைமாறியது. வெண்மணி நடந்த வட்டாரத்தில் மிராசுதாரோடு உட்கார்ந்து விலை பேசுவது சிலருக்குச் சமரசமாகப் படலாம். அவர் செய்ததிலேயே கடினமான காரியம் அதுதான் என்பேன். மறியலில் சிறைக்குப் போகக்கூட துணைக்கு ஆள் கிடைக்கும். பேரம் பேச யார் வருவார்கள்?

தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது போராட்டத்தோடு வழக்கும் நடத்தினார்கள். ஜெகந்நாதன் பெயரிலான அந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

இதில் எவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது பாருங்கள். 'தியாகி' என்று சொன்னால் அது பிறவிக் குணம் ஆகிவிடுகிறது; கேட்கிறவர்கள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதனால் உங்கள் உரையில் மனுக்களைப் பற்றிப் பேசுங்கள். எந்தக் குழாய்க்கு எத்தனை வருடம் ஆனது, தாலுகா ஆபீஸில் யாரை எப்படி மடக்கினார் என்றெல்லாம் அவரிடமே கேட்டு எழுதுங்கள். பழைய மனு நகல்களைப் பத்திரமாக வைத்திருப்பார், இப்படிப்பட்டவர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

அப்புறம், இன்னும் முடியாத மனு ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். எம்.எல்.ஏ. பொன்னாடை போர்த்தி முடித்ததும், மைக் முன்னால் வைத்தே அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.