ராத்திரிப் படிப்பும் டபுள் ஸ்ட்ராங் காபியும்

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் வேலை, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. பத்து மணிக்கு ஒரு காபி, பன்னிரண்டுக்கு இன்னொன்று. ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்தது. இப்போது குடித்த பிறகும் ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டபுள் ஸ்ட்ராங்காகப் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அந்தப் பன்னிரண்டு மணி காபியை முதலில் நிறுத்துங்கள், கோளாறே அங்கேதான். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது மூளை செல்களில் தனக்கென்று இருக்கும் ஏற்பிகள் என்ற இடங்களில் போய் உட்கார்ந்தால் கண் சொக்கும். காபியில் இருக்கும் காஃபீன் செய்வதெல்லாம் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலைதான். அடினோசின் இறங்கிப் போய்விடவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, துண்டை எடுத்ததும் உட்கார்ந்துவிடும். தினமும் குடித்தால் உடம்பும் பழகிக்கொள்கிறது, அதனால்தான் முதலில் கிடைத்த சுறுசுறுப்பு இப்போது இல்லை.

குடித்த காஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவில் குடித்தது விடிகாலை ஐந்து மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. படித்தது மனதில் படிவதும் அந்தத் தூக்கத்தில்தான், அதைக் கெடுத்துக்கொண்டு அரசியலமைப்பை மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம்? பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து, காபியை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மூன்று மணி வாக்கில் தூக்கம் தள்ளினால் ஒரு காபியை மடமடவென்று குடித்துவிட்டு, கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். காஃபீன் வேலையைத் தொடங்க அரை மணி நேரம் ஆகும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் லாபம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை சிமுலேட்டரில் வண்டி ஓட்டவைத்து 1990களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். வெறும் காபியைவிட காபியும் தூக்கமும் சேர்ந்தபோது தடம் மாறுவது நன்றாகவே குறைந்தது.

கேள்வி: டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கினால் தூக்கம் நன்றாகப் போகும் என்கிறார் என் மாமியார். சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். அந்தக் கறுப்பிலும் கெட்டியிலும் பெரும்பங்கு சிக்கரியுடையது. அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது, அதில் காஃபீன் துளிகூடக் கிடையாது. நம் நாட்டுச் சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருப்பார்கள். தூக்கம் போக வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது கொட்டை ரகம்: ரோபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். அப்புறம், இரண்டாம் டிகாக்‌ஷனில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, முதல் தடவை ஊற்றிய வெந்நீரே முக்கால்வாசியை இழுத்துக்கொண்டு போயிருக்கும். (இதை மாமியாரிடம் சொல்கிற பொறுப்பு உங்களுடையது!)

கேள்வி: இரண்டாவது காபிக்கே கை நடுங்குகிறது, படபடப்பு. என் தோழி ஐந்து குடிக்கிறாள், ஒன்றுமில்லை. ஏன்?
– வாசகி, சென்னை

பதில்: ஆளுக்கு ஆள் கல்லீரல் காஃபீனைக் கழிக்கும் வேகம் வேறு. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது கழிய ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும், கர்ப்பத்திலும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2024இல் சொன்ன உச்சவரம்பு நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபீன். 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரை இருக்கும், இன்ஸ்டன்டில் 50 முதல் 65. உங்களுக்கு அந்த வரம்புகூட அதிகம்தான். அரை டம்ளராகக் குறையுங்கள், அல்லது டீக்கு மாறுங்கள். அப்படியும் படபடப்பு நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: டிபன் முடிந்த கையோடு காபி குடிக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் காபி தடுக்கும். ரத்தசோகை இருப்பவர்கள் கட்டாயம் தள்ளிக் குடிக்க வேண்டும்.