பதாகையில் எழுதாத காரணம்

கேள்வி: திருகோணமலை நிலாவெளி வீதியில் அதிவேகமாக மோட்டார் சைக்கிள் ஓட்டி இறக்கும் இளைஞர்களுக்கு ஊரே கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டுகிறது. தவறு அவர்களுடையதாக இருக்கையில் இந்த அனுதாபம் சரியா? என் தம்பியும் தலைக்கவசமின்றி நண்பனின் பின்னால் ஏறிச் செல்கிறான்.
– வாசகி, உப்புவெளி

பதில்: பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று தவறு யாருடையது என்று கேட்க எனக்கு மனம் வராது, செத்த வீட்டில் அழுவதற்கு எவரும் தகுதி பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் அந்தப் பதாகையில் ‘விதியின் சதி’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் 22 மீற்றரைக் கடந்துவிடுகிறார். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதால், சாம்பல்தீவுப் பக்கம் இருட்டிய பின் வீதியில் படுத்திருக்கும் மாட்டையோ, சைக்கிளில் வீடு திரும்பும் மீனவரையோ கண்ட பிறகு அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்த வண்டி மோதிக் காலை இழந்த வழிப்போக்கருக்காக ஊர் கூடுவதில்லை என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டுக்குத் தம்பியை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். தலைக்கவசத்தை இன்றே வாங்கிக் கொடுங்கள்.