அம்மா கண் ஆபரேஷன் தானா நடந்துச்சாமே!

கேள்வி: ரொம்ப நாளா பதட்டம், தூக்கமில்ல. பழைய சீன ஞானி லாவோ ட்சுவ படிக்க ஆரம்பிச்சதுல இருந்து எதையும் புடிச்சுத் தொங்கறதில்ல, அதது போக்குல போகட்டும்னு விட்டுட்டேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன்கூட நான் டென்ஷன் ஆகாமலே தானா நடந்துச்சு, தங்கச்சி பாத்துக்கிட்டா. ஆனா வீட்ல நான் யாரோ மாதிரி இருக்கேன்னு சண்டை. இவங்களுக்கு எப்படி புரியவெக்கறது? - கோவை வாசகர்

பதில்: தம்பி, புரியவெக்கறதெல்லாம் அப்புறம், அந்த ஆபரேஷனுக்கு வாங்க. தானா நடந்துச்சாம், அதே மூச்சுல தங்கச்சி பாத்துக்கிட்டாளாம். லீவு போட்டது யாரு, சுகர் டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போனது யாரு, அப்புறம் வேளாவேளைக்கு சொட்டு மருந்து விட்டது யாரு? உங்க பங்கையும் சேத்து அந்தப் பொண்ணு சுமந்திருக்கா, உங்க நிம்மதிக்கு வட்டி கட்டறது அவ.

இதுக்கு லாவோ ட்சுவ ஏன் இழுக்கறீங்க? அவரு பேர்ல இருக்கற தாவோ தே ஜிங் புத்தகத்துல 81 அத்தியாயம், கடைசி வரியே செய், ஆனா போட்டி போடாதன்னுதான் முடியுது. 67ல தன்கிட்ட மூணு பொக்கிஷம் இருக்குன்னு சொல்றவரு முதல்ல வெக்கறது அன்பைத்தான், சிக்கனமும் முந்திக்கிட்டு நிக்காததும் அதுக்கப்புறம். நீங்க அந்த மூணாவத மட்டும் எடுத்துக்கிட்டீங்க போல, ஆஸ்பத்திரி பில் கவுண்டர்ல முந்தறதே இல்ல.

அதே வழியில வந்த இன்னொரு சீன ஞானி சுவாங் ட்சு, பொண்டாட்டி செத்தப்ப பாத்திரத்த தட்டிப் பாடுனாரேன்னு கேப்பீங்க, உங்கள மாதிரி எழுதற எல்லாரும் கேட்டாச்சு. துக்கம் விசாரிக்க வந்த நண்பர் ஹுய் ட்சுகிட்ட அவரே சொல்றாரு, அவ போனப்ப எனக்கு மட்டும் வருத்தம் இல்லாமலா இருந்துச்சுன்னு. அவரு துக்கத்துல விழுந்து எழுந்தவரு. நீங்க ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதாவே லெட்டர்ல இல்ல.

தாவோ, அதாவது இவங்க சொன்ன இயல்போட போற வழி, மனசுக்கு உதவாதுன்னு சொல்லல. சீனாவுல சாங்ஷா ஊர் மனநல டாக்டருங்க இத வெச்சே ஒரு சிகிச்சை உண்டாக்குனாங்க, 2002ல வந்த ஆய்வுல பதட்ட நோய் உள்ள 143 பேர பிரிச்சு பாத்தாங்க, மாத்திரை மட்டும் சாப்ட்டவங்களுக்கு ஒரு மாசத்துல டக்குனு குறைஞ்சுது ஆனா ஆறு மாசத்துல அந்தப் பலன் நிக்கல, தாவோ சிகிச்சைக்காரங்களுக்கு மெதுவா வந்தாலும் நின்னுச்சு. (இத படிச்சுட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர கேளுங்க.) அந்த சிகிச்சை ஆரம்பிக்கறதே, இப்ப உங்களுக்கு நெஜமா என்னென்ன நெருக்கடின்னு டாக்டரோட உக்காந்து எடுத்து வெக்கறதுலதான். பேஷண்டுக்கு சொல்லித்தர 32 சீன எழுத்து வாசகமும் அடுத்தவங்களுக்கு நல்லது செய், கெடுதல் செய்யாதன்னுதான் தொடங்குது. கதவ சாத்திட்டு அமைதியா இருன்னு இல்ல.

பெத்தவங்க விஷயத்துல அண்ணன் ஒதுங்கி தங்கச்சி ஓடறத நான் ஒத்துக்கவே மாட்டேன், என்ன தத்துவம் சொன்னாலும் சரி. அம்மாவோட அடுத்த செக்கப் எப்பன்னு கேட்டு ஃபைல வாங்கி உங்க வீட்ல வெச்சுக்கோங்க, கூட்டிட்டுப் போறது நீங்க. அப்ப பதட்டம் வந்தா வரட்டும், தூக்கம் போற அளவுக்கு வந்தா டாக்டர பாருங்க. தங்கச்சிக்கு நன்றின்னு மெசேஜ் தட்டாதீங்க, ஆபரேஷனுக்கு எவ்ளோ ஆச்சுன்னு கேட்டு பாதிய அனுப்புங்க.