வெசனம்

வணக்கமுங்க.

தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கட்டுரை நோட்டில் ‘வெசனம்’ என்று எழுதிவிட்டாள். டீச்சர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘வருத்தம்’ என்று திருத்தி, ‘கொச்சைச் சொல் எழுதாதே’ என்று ஓரத்தில் குறிப்பும் போட்டிருக்கிறார். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வாயில் நாளைக்குப் பத்துத் தடவை வந்த சொல் அது. அம்மாயி போன ஐப்பசியில் தவறிவிட்டார். அதனாலோ என்னவோ அந்தச் சிவப்பு மையைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர், “வெசனமும் வெஞ்சனமும் ஒன்றுதான், கண்ணீரைத் தொட்டுக்கொண்டு சோறு தின்றால் வெசனம்” என்கிறார். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று கல்யாணமாகிப் பதினாலு வருசமாக எனக்குத் தெரிந்ததில்லை. இது தமிழ்ச் சொல்தானா? கொச்சையா? எங்கிருந்து வந்தது?

— ஒரு வாசகி

வணக்கம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். வெஞ்சனம் ‘வ்யஞ்சன’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. அந்தச் சொல்லுக்கு மெய்யெழுத்து என்றும் ஒரு பொருள் உண்டு. இந்திக்காரர்களுக்கு இன்றைக்கும் விருந்துப் பண்டமும் மெய்யெழுத்தும் ஒரே ‘வ்யஞ்ஜன்’தான். வெசனம் வேறு வீட்டுப் பிள்ளை. அதன் மூலம் ‘வ்யசன’. ஆகவே சொந்தம் எதுவும் கிடையாது. ஆனால் கண்ணீரைத் தொட்டுக்கொள்ளும் கற்பனை நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, கொச்சை. ‘வ்யசன’ தமிழில் வியசனம் என்றும் விசனம் என்றும் ஆனது. விசனம் நம் வாயில் வெசனம் ஆயிற்று. இதில் யாரும் எதையும் கெடுக்கவில்லை. முதல் எழுத்தில் இகரம் இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் அந்த இகரம் எகரமாக இறங்கும். விலை வெலை ஆகிறது, விறகு வெறகு ஆகிறது, கிணறு கெணறு ஆகிறது, விசனம் வெசனம் ஆகிறது. கொங்கு நாட்டில் மட்டுமல்ல, தமிழ்நாடு பூராவும் இப்படித்தான். டீச்சர் மேல் கோபப்படாதீர்கள். எழுத்துத் தமிழில் ‘விசனம்’ என்று போட வேண்டும் என்பது வரைக்கும் அவர் சொல்வது சரி. சொல்லையே அடித்துவிட்டு வேறொன்றை உட்கார வைத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. அப்படியொன்றும் குடிசைச் சொல் அல்ல அது. தமிழ் பைபிளில் ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில், மனிதனைப் படைத்ததை நினைத்துக் கடவுள் நொந்துபோகும் இடம் ஒன்று வருகிறது. அங்கே அவர் இருதயத்துக்கு அது ‘விசனமாயிருந்தது’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மாயி பத்துத் தடவை சொன்னால் என்ன தப்பு?

டீச்சர் மாற்றாகக் கொடுத்த வருத்தமும் சும்மா ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த சொல் அல்ல. ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று வள்ளுவர் சொன்னபோது அது உடம்பு படும் பாட்டைக் குறித்தது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ‘அவருக்கு வருத்தம்’ என்றால் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். நாம் மனசுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

சரி, வெசனத்துக்கு வருவோம். பல வருசத்துக்கு முன்னால் பனியன் சரக்கு விஷயமாகத் திருப்பூர் நண்பர் ஒருவரோடு புனே போயிருந்தேன். ஒரு தெருமுனையில் பெரிய பலகை. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘வ்யசன்முக்தி கேந்த்ர’. எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. வெசனத்திலிருந்து விடுதலை கொடுக்க ஓர் ஆபீஸ்! நம் ஊரில் இதற்கு ஆத்தா கோயிலுக்குத்தானே போகிறோம், இங்கே மாடியில் வைத்திருக்கிறார்களே என்று நண்பரிடம் சொன்னேன். அவர் இந்தி தெரிந்தவர். சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, “அது குடியை நிறுத்துற எடமுங்க” என்றார்.

மராத்தியிலும் இந்தியிலும் வ்யசன் என்றால் விட முடியாத கெட்ட பழக்கம். தெலுங்கிலும் அதுதான்; கோயமுத்தூரில் தெலுங்கு பேசும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சீட்டாட்டத்தையும் குடியையும் சொல்வார்கள். கன்னடத்தில் இரண்டு பொருளும் உண்டு. பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டுக்குள் போனால் வேறு கதை. மலையாளத்தில் வ்யசனம் முழுக்க முழுக்கத் துயரம். சாவுச் செய்தியை ‘வ்யசனசமேதம்’, அதாவது வ்யசனத்தோடு, அறிவிப்பது அங்கே வழக்கம். தெலுங்குக்காரர் ஒருவர் அதைப் படித்தால், செத்தவர் குடியோடு போனார் என்று நினைத்தாலும் நினைப்பார்.

ஒரே சொல் ஓரிடத்தில் குடியாகவும் இன்னோரிடத்தில் கண்ணீராகவும் எப்படி ஆனது? வேரைப் பார்த்தால் விளங்கும். ‘வி’ என்றால் விலக, அப்பால். ‘அஸ்’ என்றால் எறிதல். தூக்கி அப்பால் எறிவது வ்யசனம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் எட்டாம் பகுதி முழுக்க இதைப் பற்றித்தான். ஒருவனை நன்மையிலிருந்து தூக்கி எறிவதால் அதற்கு வ்யசனம் என்று பெயர் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அரசனையும் நாட்டையும் எறிந்துவிடக்கூடியவை எல்லாமே அவர் பட்டியலில் அடக்கம்: வெள்ளம், தீ, நோய், பஞ்சம். அதே பகுதியில் வேட்டை, சூது, பெண், குடி என்று ஆசையால் வரும் நான்கும், கோபத்தால் வரும் மூன்றும் பேசப்படுகின்றன. அவருக்குப் பஞ்சமும் வ்யசனம், கள்ளும் வ்யசனம். இரண்டும் ஆளைத் தூக்கி எறிகின்றன அல்லவா, அந்தக் கணக்கு.

சமணர்களிடமும் ஏழு வியசனங்கள் உண்டு. சூது, புலால், கள், பொதுமகளிர், வேட்டை, களவு, பிறன்மனை. உங்களுக்குப் பெருந்துறைப் பக்கம் வேலை இருந்தால் விஜயமங்கலம் போய் அங்கே இருக்கும் பழைய சமணக் கோயிலை ஒரு தடவை பாருங்கள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் இந்த ஏழும் வீட்டுப் பாடமாக இருந்திருக்கும்.

ஆக, எறிகிறவன் ஒரு முனை, எறியப்பட்டவன் மறுமுனை. வடக்கே எறிகிற முனையைப் பிடித்துக்கொண்டார்கள். நாமும் மலையாளிகளும் விழுந்து கிடக்கிற முனையைப் பிடித்துக்கொண்டோம். பானையை உடைத்தவனை விட்டுவிட்டு உடைந்த ஓட்டுக்குப் பெயர் வைத்த மாதிரி.

நம் ஊரில் அதை இன்னும் கொஞ்சம் இழைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் அப்பாரு, அதாவது தாத்தா, செத்த அன்றைக்கு யாரும் வெசனம் என்று சொன்னதில்லை. அன்றைக்கு அழுகையும் ஒப்பாரியும்தான். காரியமெல்லாம் முடிந்து, ஒறம்பரை (உறவுக்காரர்கள்) எல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, ஆத்தா (பாட்டி) கட்டுத்தறிப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். சாணி அள்ளப் போட்ட கூடை அப்படியே இருக்கும். “ஆத்தா வெசனத்துல இருக்குது, போயிப் பேச்சுக் குடு” என்று அம்மா என்னை அனுப்புவார். வெசனத்துக்குக் கண்ணீர் வராது. சோறு இறங்காது, அவ்வளவுதான். மழை தப்பிய வருசம் வெசனம். கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கினால் வெசனம். பெண்ணுக்கு இடம் அமையாவிட்டால் அது பெரிய வெசனம். “வெசனப்படாத கண்ணு” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். “துயரப்படாத கண்ணு” என்று நம் பக்கம் யாராவது சொன்னால் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று பார்ப்பேன்.

கிணறு என்றதும் இன்னொன்று. இந்த விஷயம் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், கொங்கில் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பதற்குக் ‘கவலை’ என்று பெயர், மாடு முன்னும் பின்னும் அலைகிற மாதிரி மனசும் அலைவதால்தான் மனக்கவலை வந்தது என்று ஆரம்பித்துவிடுவார். எங்கள் அப்பாரு கவலை ஓட்டியவர். வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து மாட்டை ஓட்டிக்கொண்டு பாட்டுத்தான் பாடுவார். கிணற்றுக் கவலைக்குக் கமலை, கபிலை என்றும் பெயர் உண்டு. மனக்கவலையை யாராவது கமலை என்று சொல்லிக் கேட்டதுண்டா? சங்கப் பாட்டுகளில் கவலை என்றால் பிரியும் பாதை. கவை, கவட்டை எல்லாம் அந்தக் குடும்பம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று நிற்பவன் மனசுதான் கவலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கவலைக்காரனுக்கு முன்னால் இன்னும் இரண்டு வழி இருக்கிறது. வெசனக்காரருக்கு அதுவும் இல்லை. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைக்கு வந்து, அப்புறம் ஊர் ஊராக மோட்டார் ஏறியது. கிணற்றுக் கவலை போய்விட்டது. மற்றது போகக் காணோம்.

அப்புறம், நோட்டைப் பற்றி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘வருத்தம்’ என்ற சொல்லை அறியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் அம்மணி வெசனம் என்று போட்டிருக்கிறாள் என்றால், அந்த இடத்தில் அதுதான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. கட்டுரைத் தலைப்பு என்ன, யாருக்கு என்ன வெசனம் என்று எழுதினாள் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. அந்த வரியை மட்டும், சிவப்பு மைக்கு முன்னால் இருந்தபடி, எனக்கு எழுதி அனுப்புங்கள்.