விமானியாக வேண்டும் என்கிற மகளும் வேண்டாம் என்கிற மாமாவும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி இருப்பதைவிட உங்கள் ஒன்றுவிட்ட அண்ணாவைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, விமானியாக வேண்டும் என்கிறாள் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம், வெளிநாட்டில் பெரிய ஜெட் விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சொன்ன கதைகள். விமானப் பயணம் முன்பு போல் இல்லை, விமான நிலையச் சோதனைகள் வெறும் நாடகம், பிள்ளையை அந்தப் பக்கமே அனுப்பாதே என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். சோதனையே நாடகம் என்றால் எந்த நம்பிக்கையில் பிள்ளையை அனுப்புவது என்று நீங்கள் நித்திரையின்றி இருக்கிறீர்கள்.

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பேசியது பயணிகள் வரிசையைப் பற்றி. மகள் முடிவெடுக்க வேண்டியது தொழிலைப் பற்றி. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதால்தான் உங்களுக்கு இத்தனை குழப்பம்.

அண்ணா சொன்ன நகவெட்டிக் கதையிலிருந்து தொடங்குவோம். சீருடையோடு, இன்னும் சில நிமிடங்களில் விமானத்தை ஓட்டப் போகிற மனிதரிடம் நகவெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விமானி அறைக்குள் போனால் அங்கே கோடரி இருக்கிறது என்று சிரித்தாராம். அந்தக் கோடரி உண்மைதான். தீ விபத்து நேர்ந்தால் தடுப்புகளை உடைத்து நெருப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க, பெரிய பயணிகள் விமானங்களில் அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விமானத்தையே கையில் வைத்திருப்பவருக்கு நகவெட்டி எதற்கு என்ற அவருடைய கேள்வியும் நியாயமானது. ஆனால் வாசலில் நிற்பவருக்கு உங்கள் அண்ணாவைத் தெரியாது. அவருக்குத் தெரிவது சீருடையும் அடையாள அட்டையும் மட்டுமே. இரண்டையும் களவாடலாம், போலியாகச் செய்யவும் செய்யலாம். ஆள் பார்த்து விலக்குக் கொடுக்கும் வாசல் எப்படி இருக்கும் என்பது சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்த நமக்குத் தெரியாததா?

விதிகள் சம்பவத்துக்குப் பின்னால்தான் ஓடுகின்றன என்று அவர் சொன்னது இன்னும் சரி. 2001 செப்டெம்பரில் அமெரிக்காவில் நடந்த விமானக் கடத்தல் தாக்குதல்களுக்குப் பிறகு விமானி அறைக் கதவு குண்டு துளைக்காத கதவானது. அதே ஆண்டு டிசெம்பரில் பாரிஸிலிருந்து மியாமி போன விமானத்தில் ஒருவன் சப்பாத்துக்குள் வெடிமருந்து வைத்திருந்தான். பிறகு அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் சப்பாத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்டது. அதன் பிறகு கைப்பொதியில் 100 மில்லிலீட்டர் கணக்கு வந்தது. (அதே மாதம்தான் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைவழிப் பாதை போரால் முகமாலையில் மூடப்பட்டது. சவர்க்காரத்துக்கும் சீனிக்கும் அலைந்த நாம் லண்டனில் தண்ணீர்ப் போத்தல் பறிக்கப்படுவதைப் பற்றி அன்று கவலைப்படவில்லை.) அமெரிக்கா அந்தச் சப்பாத்து விதியை 2025 ஜூலையில்தான் கைவிட்டது.

நம் நாட்டுக் கதையும் வேறல்ல. 1982 ஜூன் 30 அன்று செபால ஏக்கநாயக்க என்ற இலங்கையர் அலிட்டாலியா ஜம்போ விமானமொன்றைக் கடத்தி, குண்டு இருப்பதாக மிரட்டி, பாங்கொக்கில் வைத்து 3 இலட்சம் டொலரும் தன் மனைவி பிள்ளையும் வேண்டும் என்றார். கேட்டது கிடைத்தது. கொழும்புக்கு வந்து இறங்கியபோது விமானக் கடத்தலைத் தண்டிக்க இங்கே சட்டமே இருக்கவில்லை. அதே ஆண்டில் அவசரமாக ஒன்றை நிறைவேற்றித்தான் அவரை உள்ளே போட்டார்கள்.

ஆகவே சில விதிகள் அசட்டுத்தனமானவை, சில பிந்தி வந்தவை, சில காலாவதியான பிறகும் கிடப்பவை. இதைக் கொண்டு எல்லாமே நாடகம் என்று முடிவு கட்ட முடியாது. அண்ணா கண்டது வாசலை மட்டும். சரக்குப் பொதிகளைச் சோதிப்பவர்கள், விமானத்தின் அருகே போகும் ஊழியர்களின் பின்னணியை விசாரிப்பவர்கள், சதி வாசலுக்கு வருவதற்கு முன்பே மோப்பம் பிடிப்பவர்கள் ஆகியோரை அவர் தொழிலில் இருந்தபோதும் கண்டிருக்க மாட்டார். லண்டன் சதி பிடிபட்டது விமான நிலைய வரிசையில் அல்ல, பொலிஸாரின் கண்காணிப்பில்.

அந்த வாசல் வேலையையும் நாம் மலிவாக எண்ணுகிறோம். வெளிநாட்டுக்குப் போகிறவர்களிடம் நீங்களும் பொதி கட்டிக் கொடுத்திருப்பீர்கள்: மிளகாய்த்தூள், ஒடியல் மா, இரண்டு குட்டான் பனங்கட்டி. எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, கடதாசி போன்ற கரிமப் பொருட்கள் செம்மஞ்சளாகத் தெரியும், உலோகம் நீலமாகத் தெரியும், இடைப்பட்டவை பச்சை. பனங்கட்டி போல அடர்த்தியான பொருள் கடும் செம்மஞ்சள் கட்டியாக விழும். வெடிமருந்துகள் பலவும் அதே நிறம். திரைக்கு முன்னால் இருக்கும் பிள்ளை சில விநாடிகளில் இது பனங்கட்டியா வேறொன்றா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை தூங்குகிறதா என்று பார்க்க, பல நாடுகளில் கணினியே இடையிடையே இல்லாத துப்பாக்கியொன்றின் படத்தை உண்மையான பெட்டிக்குள் செருகிவிடுகிறது. கண்டுபிடித்தாலும் பதிவு, தவறவிட்டாலும் பதிவு. ஐரோப்பிய விதிப்படி ஒருவர் பொதுவாகத் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது, கண் களைத்துவிடும். பெட்டியைத் திறக்கச் சொன்னதற்காக நாம் முணுமுணுப்பது இப்படி ஒரு வேலையைச் செய்பவரைப் பார்த்துத்தான்.

பவர்பேங்கைப் பெரிய பெட்டியில் போடாதே, கையில் கொண்டு போ என்பதும் இத்தகைய விதிதான். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் ஆட்கள் கண்டு அணைக்கலாம். கீழே சரக்கறையில் அது முடியாது. இந்த விதியை உங்கள் அண்ணா நாடகம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

இனி மகளின் விஷயம். 2015 மார்ச் 24 அன்று ஜேர்மன்விங்ஸ் விமானமொன்றில் கப்டன் சற்று வெளியே போன நேரத்தில் துணை விமானி அந்தக் குண்டு துளைக்காத கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். தன் மனநோயை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தத் தொழிலின் நுழைவாயில் கணிதப் புள்ளியோ பணமோ அல்ல, முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். கண், காது, இதயம், மனநலம் எல்லாம் பார்ப்பார்கள். மூக்குக்கண்ணாடி பெரும்பாலும் தடையில்லை; நிறக்குருடு பெரிய சிக்கல். பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் ஆண்டுதோறும், 60 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இதைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை மறுக்கப்பட்டால் சம்பளம் அன்றோடு நிற்கலாம்.

பெற்றோர் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் காணி உறுதியைக் கொண்டுபோய் ஈடு வைக்கிறார்கள், பயிற்சி நிலையத்தில் முற்பணம் கட்டுகிறார்கள், கடைசியில் மருத்துவரிடம் போகிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் மகளைக் காட்டுங்கள். கொழும்புக்குப் போய் வரும் செலவும் பரிசோதனைக் கட்டணமும் காணியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. முடிவு வரும் வரைக்கும், எவ்வளவு அழகான கட்டணத் தள்ளுபடியைக் காட்டினாலும், யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மருத்துவம் சரி என்றால் கணக்கு இப்படி. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது ஆக வேண்டும், பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; முழுநேர அங்கீகாரப் பயிற்சியில் அது 150. கப்டனாக அமரத் தேவையான உயர்நிலை உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும். சின்ன விமானத்தில் உரிமம் எடுத்தவுடன் யாரும் ஏர்பஸ்ஸைக் கையில் தர மாட்டார்கள். ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி, தனிச் செலவு. கோடி என்ற சொல் வராமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. உரிமத்தை வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மகள் தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளை என்று நீங்கள் தயங்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இலங்கையில் பெண்கள் கப்டனாகப் பறக்கிறார்கள்.

இந்தத் துறை திடீரென்று நின்றுவிடும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சாட்சி இருக்கிறது. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள அந்தப் பலாலி விமான நிலையம் பிறகு போர் வந்து பொதுமக்களுக்கு எளிதில் எட்டாத இடமானது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவோடு சேவை நின்றது. 2022 டிசெம்பர் 12 அன்றுதான் சென்னை விமானம் திரும்பவும் வந்து இறங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. வந்து இறங்குவது ஏடிஆர் 72 எனும், இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம். மகள் விமானியாகி பலாலிக்கே தினம் வந்து போவாள் என்று நீங்கள் கனவு காண்பதாக இருந்தால், அந்தக் கனவை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

அதனால்தான் விமானி அறைக்கு வெளியே உள்ள வேலைகளையும் மகளின் முன்னால் வைக்கச் சொல்கிறேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், விமான நிலையப் பாதுகாப்பு, ஆபத்தான சரக்குகளைக் கையாளும் பிரிவு எல்லாம் இருக்கின்றன. இவற்றில் முதல் இரண்டும் கணிதமும் பௌதிகவியலும் நன்றாக வருகிற பிள்ளைக்கு விமானி வேலைக்குச் சற்றும் குறையாத சவால். கட்டுப்பாட்டாளர்களை விமான நிலையங்களை நடத்தும் அரச நிறுவனமே சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது; காணியை ஈடு வைக்கத் தேவையில்லை. உயர்தரப் பெறுபேறு நன்றாக வந்தால் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தை விட்டுவிட்டு பறக்கும் பயிற்சிக்கு ஓட வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டத்தை முடித்த பிறகும் விமானி ஆகலாம். உரிமத்தை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருப்பவருக்குப் பட்டம் சோறு போடும்.

ஆங்கிலத்தை மட்டும் இன்றே தொடங்கட்டும். விமானியோ கட்டுப்பாட்டாளரோ, விமான வானொலித் தொடர்பில் பேச சர்வதேச ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோலில் நான்காம் படி தேவை. 1977 மார்ச்சில் தெனெரிஃபே ஓடுபாதையில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்ததற்குத் தெளிவில்லாத வானொலிப் பேச்சும் ஒரு காரணம். நம் பிள்ளைகள் இலக்கணத்தில் எண்பது புள்ளி எடுப்பார்கள், தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் பேசினால் மிரண்டு போவார்கள். ரியூட்டரி வினாத்தாளால் இது சரிவராது. தினமும் வாய்விட்டுப் பேச வேண்டும்.

அதற்கு உங்கள் அண்ணாவே நல்ல ஆள். அடுத்த தடவை அவர் அழைக்கும்போது மகளிடம் தொலைபேசியைக் கொடுங்கள், ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லுங்கள். சோதனை வரிசையைப் பற்றி அவர் போதுமான அளவு பேசிவிட்டார். இரவுப் பறப்புக்குப் பிறகு எப்படித் தூங்கினார், பிள்ளைகளின் பிறந்த நாட்களில் எத்தனைக்கு வீட்டில் இருந்தார், முதல் வேலை கிடைக்க எவ்வளவு காலம் காத்திருந்தார், ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனைக்கு முன்னும் மனம் எப்படி இருந்தது, இன்று தன் மகளே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவள் கேட்கட்டும். இவற்றுக்கு அவர் சொல்லும் பதிலுக்கு நான் சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

மருத்துவ முடிவு கைக்கு வந்ததும் மகளோடு வாருங்கள். உயர்தரப் பாடங்களின் தவணைப் புள்ளிகளையும் எடுத்து வரட்டும். காணி உறுதியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.